நகம் இறங்கும் ரப்பர்

அந்த டயர் அடுக்கு மேல வேண்டாம் சார். இந்த ஸ்டூல்ல உட்காருங்க. ஒரு கால் ஆடும், சுவரோட சாய்ச்சுப் போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது.

பத்து நிமிஷம். பத்தே நிமிஷம். ரெண்டு டயரும் வெளியே மழையில கிடக்கட்டும். தகரத்துல இருந்து தண்ணி நேரா அது மேல விழுது பாருங்க. இடது பக்கம் இருக்கறது நீங்க கேட்டது. வலது பக்கம் நான் சொல்றது. பத்து நிமிஷம் கழிச்சு ரெண்டுலயும் உங்க கட்டைவிரல் நகத்தை வெச்சு அழுத்திப் பாருங்க. அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க. இந்தக் கடையில இப்ப அதுதான் வழக்கம். குளிரவெச்சுத் தொட்டுப் பார்க்காம நான் யாருக்கும் டயர் போடறதில்லை. ராயப்பனுக்கு மூளை குழம்பிடுச்சுன்னு கோத்தகிரி பஜார்ல சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

நல்ல வண்டி சார். மிதிச்சா சீறும்னு பார்த்தாலே தெரியுது. கோயம்புத்தூர்லயே ஓடினதா? அதான். அங்கே ரோடு சுடும். இந்த அகல டயர் அந்தச் சூட்டுக்குன்னே செஞ்சது. சூடு ஏற ஏற ரப்பர் இளகி ரோட்டைக் கவ்விக்கும். அவிநாசி ரோட்டுல இதைப் போட்டு ஓட்டினா ராஜா மாதிரி இருக்கும். நான் இல்லைங்கலை. ஆனா இங்கே நவம்பர்ல காலையில எட்டு டிகிரி. மழை நின்னா பனி, பனி விட்டா மழை. இங்கே அது இளகவே இளகாது. இறுகிக் கண்ணாடி மாதிரி ஆயிடும். அதோட அகலம் ஜாஸ்தி, கோடு கம்மி. அடியில மாட்டின தண்ணி வெளியே போக வழி கிடையாது. வண்டி தண்ணி மேலயே நிக்கும். அந்த நேரத்துல நீங்க ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது உங்களைக் கேக்காது.

இந்த வலது பக்கம் இருக்கறது அழகா இருக்காது. ரோட்டைத் தொடற பட்டன் பூரா கத்தியால கீறின மாதிரி சின்னச் சின்னதாக் கீறல். ரப்பர்ல ஏதோ மணலை மாவாக்கிக் கலக்கறானாம், குளிர்லயும் இறுகாது. வேகமா வளைச்சா கொஞ்சம் நெளியும், கையில அந்தத் துடிப்பு கிடைக்காது. ஆனா நனைஞ்ச ரோட்டுல நிக்கும். பிரேக் அடிச்சா நிக்கும். அதுக்கு மேல ஒரு டயர் என்ன பண்ணணும்?

எல்லார்கிட்டயும் இதைச் சொல்லுவேன். அவங்ககிட்டயும் சொன்னேன். மூணு தடவை சொன்னேன்.

யாரா? டாக்டரம்மா. மாட்டு டாக்டர் சுகிர்தா. நீங்க ஊருக்குப் புதுசு, தெரியாது. நான் உட்கார வேண்டாம்னேனே, அந்த நாலு டயரும் அவங்க வண்டியோடதுதான்.

முப்பத்தொரு வயசு. கவர்மென்ட் மாட்டு ஆஸ்பத்திரியில இருந்தாங்க. வயித்துல கன்னு திரும்பிக்கிச்சுன்னு ஒரு போன் வந்தாப் போதும், எந்த மழையிலயும் எந்தக் காட்டுக்குள்ளயும் போயிடுவாங்க. உங்களை மாதிரியே வண்டிப் பைத்தியம். சின்ன வண்டி, ஆனா உள்ளே இருக்கறது பெரிய இஞ்சின். அப்பா நஞ்சுண்டன், கவர்மென்ட் பஸ் டிரைவர். முப்பத்தோரு வருஷம் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில ஓட்டினவர், ஒரு கோழி மேலகூட ஏத்தினதில்லை. அதுக்கு ஷீல்டு எல்லாம் கொடுத்திருக்காங்க. டாக்டரம்மா கிண்டல் பண்ணும். "கோழி எங்கப்பா பஸ்ஸைப் பார்த்துச் சாவகாசமா நின்னு வணக்கம் சொல்லிட்டுத்தான் ரோட்டைத் தாண்டும் அண்ணா"ன்னு. அவருக்குக் கோபம் வராது. "நீ நாலு காலை ஒழுங்காப் பாரு, நாலு சக்கரத்தை நான் பார்த்துக்கறேன்"பார். ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தானே. அவர் மடியில உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிச்ச பொண்ணு அது.

என்கிட்டயும் அதே வாய்தான். நான் பேச ஆரம்பிச்சா, "ராயப்பண்ணா, வாயை மூடுங்க, டயருக்கு வெச்ச காத்தெல்லாம் உங்க வழியாவே போயிடுது"ன்னும்.

போன வருஷம் அக்டோபர் கடைசியில வந்தாங்க. நாலு டயரும் தேஞ்சு கோடே தெரியலை. மாத்தணும்னாங்க. அப்பதான் சொன்னேன். டாக்டர், இந்த அகல டயர் நம்ம ஊருக்கு ஆகாதுன்னேன். டயரைப் பார்க்கும்போது ஒரு தடவை, சக்கர டிஸ்க்குல ஏத்தும்போது ஒரு தடவை, சாவியைக் கையில கொடுக்கும்போது ஒரு தடவை. சிரிச்சாங்க. "பார்த்துக்கலாம் அண்ணா"ன்னாங்க. நான் என்ன பண்ண முடியும்? படிச்சவங்க. வண்டி அவங்களோடது.

நவம்பர் பதினெட்டு. காலையில ஒன்பதரை. தேயிலைச் சரிவுல இருந்து தண்ணி ரோட்டுக்குக் குறுக்கே ஓடற ஒரு வளைவு இருக்கு, நீங்க மேல வரும்போது தாண்டித்தான் வந்திருப்பீங்க, புதுசா வெள்ளை அடிச்ச கல்லு நட்டிருக்காங்களே, அங்கே. கன்னு எடுத்துட்டுத் திரும்பி வந்துட்டிருந்தாங்க. கன்னு பிழைச்சுக்கிச்சு. பின்னாடி காய்கறி லாரி ஒண்ணு வந்திருக்கு. அந்த டிரைவர் போலீஸ்ல சொன்னான், "அந்தம்மா ரொம்ப மெதுவாப் போச்சுங்க, நானே முந்திடலாம்னு ஹாரன் அடிச்சேன்"னு. முப்பத்தஞ்சுக்கு மேல இருக்காதுன்னான். வளைவுல வண்டி திரும்பவே இல்லையாம். ஸ்டீயரிங் திரும்பியிருக்கு, சக்கரம் திரும்பியிருக்கு, வண்டி மட்டும் நேராப் போயிருக்கு.

ஊர்ல என்ன பேசினாங்க தெரியுமா? பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு வேகம்னாங்க. லாரிக்காரன் சொன்னது யார் காதுலயும் ஏறலை.

டீ சொல்லட்டுமா? வேண்டாமா. சரி.

மூணு தடவைன்னேன் இல்லையா. நான் சரியாச் சொல்லணும், நீங்க படிச்சவர். டிஸ்க்குல ஏத்தும்போது சொன்னேன்னேனே, அப்ப கம்ப்ரசர் ஓடிட்டிருந்தது. அதோ கதவு பக்கத்துல இருக்கே, அந்தக் கிழட்டு மெஷின்தான். ஓடினா பக்கத்துல இருக்கறவன் கத்தினாலும் கேக்காது. நான் சொன்னேன். அவங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா, அது எனக்குத் தெரியாது. வாய் அசைஞ்சதைப் பார்த்திருப்பாங்க. சாவி கொடுக்கும்போது சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன், அதுக்குள்ள போன். ஏதோ எஸ்டேட்ல மாடு கீழே விழுந்துடுச்சாம். சாவியைப் பிடுங்காத குறையா வாங்கிக்கிட்டு ஓடினாங்க. ஆக, சொல்லப்போனா, ஒரு தடவை. ஒழுங்காச் சொன்னது ஒரு தடவை. டயரைப் பார்க்கும்போது.

ஒரு தடவை சொன்னாப் போதாதா?

ஃபிலிப் இருந்தான் அப்போ. பதினாலு வருஷம் என்கிட்ட வேலை பார்த்தவன், குடும்பஸ்தன், நல்ல கை. அவனைக் கேட்டா சொல்லுவான். ஆனா டிசம்பர்ல வேலையை விட்டுட்டு மேட்டுப்பாளையம் போயிட்டான். குளிர் ஒத்துக்கலைன்னான். பிறந்ததே இங்கேதான்.

இங்கே ஒரு பழக்கம் இருக்கு சார். கீழே எங்கேயும் பார்த்திருக்க மாட்டீங்க. குளிர்ல டயர் விறைச்சுப் போயிடும், டிஸ்க்குல ஏத்தறது பெரும்பாடு. கடப்பாரையை வெச்சு நெம்பினா ஓரம் கிழியும். அதனால ஏத்த வேண்டிய டயரைக் காலையிலயே இந்தப் பஞ்சர் பேட்ச் சுடற அடுப்புப் பக்கத்துல சாய்ச்சு வெச்சுடுவோம். மலை மேல எல்லாக் கடையிலயும் அப்படித்தான். ரெண்டு மூணு மணி நேரம் அந்த அனல்ல நின்னா டயர் பச்சைப்பிள்ளை கை மாதிரி ஆயிடும். சுலபமா ஏறும்.

டாக்டரம்மா வந்த அன்னிக்கு அந்த நாலும் அங்கேதான் இருந்தது. அவங்களுக்கு ஏத்தறதுக்குன்னு எடுத்து வெச்சது இல்லை. எதுக்காவது ஆகும்னு... சும்மா வெச்சிருந்தேன். அது கோயம்புத்தூர் ஆள் ஒருத்தர் ரேஸ் ஓட்டறதுக்குன்னு சொல்லி வரவழைச்சது, அப்புறம் அவர் வரவே இல்லை. மூணு வருஷமா என் கண் முன்னாடியே கிடந்தது. காலையில ஷட்டரைத் தூக்கினா முதல்ல அதுதான் கண்ணுல படும். டாக்டரம்மா வர்றேன்னு முந்தின நாள் போன் பண்ணியிருந்தாங்க. காலையில எடுத்து அடுப்புப் பக்கத்துல வெச்சேன். அவ்வளவுதான்.

டயர்ல நகத்தை வெச்சுப் பார்க்கறது நான் சொல்லிக் கொடுத்ததுதான். நகம் இறங்கினா பிடிக்கும், இறங்கலைன்னா வழுக்கும்னு எப்பவோ சொல்லியிருந்தேன். ஞாபகம் வெச்சிருந்தாங்க. குனிஞ்சு, கட்டைவிரலை வெச்சு, ஒரு அழுத்து. "நகம் இறங்குதே அண்ணா!"ன்னாங்க. சந்தோஷமா. மாட்டுக்கு நாடி கிடைச்ச மாதிரி.

டயர் சூடா இருந்தது. எனக்கு அப்ப அது தோணலை. தோணுச்சு. தோணி முடியறதுக்குள்ள அவங்க எழுந்துட்டாங்க.

இங்கே வாங்க, ஒண்ணு காட்டறேன். மேல இருக்கற டயர், இந்த ஓரம். பார்த்தீங்களா? பிறை மாதிரி. நகக்குறி. ரப்பர்ல குறி நிக்காது சார், அழுத்தினா எழும்பிடும். முப்பது வருஷமா இதுதான் எனக்குத் தொழில், எனக்குத் தெரியும். அதோட இது இருபத்திரண்டு நாள் ரோட்டுல ஓடியிருக்கு, அப்புறம் பாறையில இடிச்சிருக்கு. ஆனா இருக்கு. மழை பெய்யற நாள்ல நல்லாத் தெரியும். தெரியலையா உங்களுக்கு? வெளிச்சம் பத்தலை. விடுங்க. மழைன்னா கரண்டும் இப்படித்தான் மங்கும்.

சத்தமும் உண்டு. நீங்க நினைக்கற மாதிரி இல்லை, பேய் பிசாசு எல்லாம் நான் நம்பறவன் இல்லை, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவன். பட்டப்பகல்ல, அடுப்பைப் பத்தவெச்சு ரப்பர் வாசனை கிளம்பும் பாருங்க, அந்த நேரத்துல. நகம் இறங்குதே அண்ணான்னு. முதுகுக்குப் பின்னாடி. திரும்பினா யாராவது கஸ்டமர் நிப்பாங்க, சைக்கிள் டியூபைக் கையில வெச்சுக்கிட்டு. அதுக்கப்புறம்தான் டயரை மழையில வெக்கற இந்த வழக்கத்தைக் கொண்டு வந்தேன். எத்தனை பேருக்கு நல்லதாப் போயிருக்கு தெரியுமா?

இந்த நாலும் எப்படி இங்கே வந்ததுன்னு கேக்கறீங்களா? நஞ்சுண்டண்ணாதான் கொண்டு வந்தார். போலீஸ் அவங்க வண்டியை விடுவிச்சதும், நொறுங்கினதுல இருந்து அவரே கழட்டி, ஜீப்புல போட்டு எடுத்துட்டு வந்தார். "இதை வெச்சுக்க ராயப்பா. உன் பேச்சை எவனாவது கேக்கலைன்னா இதைக் காட்டு. சொன்னதைக் கேக்காம போன பொண்ணு ஒருத்தி இருந்தான்னு சொல்லு"ன்னார். நான்தான் அடுக்கி வெச்சேன். எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு டயர் ஓரத்துல நாலு எண் போட்டிருக்கும், அது எல்லா டயர்லயும் அடிப்பக்கமா அமைஞ்சுடுச்சு. வேணும்னு வெக்கலை.

அவர் அப்படிச் சொல்லும்படி ஆனதுக்குக் காரணம் இருக்கு. டாக்டரம்மா இறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ஐம்பது அறுபது பேர் நின்னாங்க. அவர் ஒரு சிமென்ட் கட்டையில உட்கார்ந்து அழுதுட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அழுகை நின்னுது. "ராயப்பா, நீ போட்ட டயர்தானே?"ன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அறுபது முகம் சார். நான் யோசிக்கவே இல்லை. வாய்தான் சொல்லுச்சு. "நான் சொன்னேனுங்கண்ணா. ஆகாதுன்னு மூணு தடவை சொன்னேன். கேக்கலை."

அவர் தலையை ஆட்டினார். அதுக்கப்புறம் அவர் அழுது யாரும் பார்க்கலை.

கெட்டதுன்னு சொல்வீங்களா அதை? நான் யோசிச்சுப் பார்த்திருக்கேன். ஒரு மனுஷனுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும் சார். கோபம்தான் அவரை நடக்க வெக்குது. தினம் மேட்டுப்பாளையம் மூணரை பஸ் வந்ததும் பஸ் ஸ்டாண்டுல நின்னு அதைப் பார்த்துட்டு, அங்கிருந்து நேரா இங்கே வருவார். அந்த அடுக்கு மேலதான் உட்காருவார். டீ குடிப்பார். ஒரே கேள்வி. "நீ சொன்னே இல்லே?" சொன்னேண்ணா. "மூணு தடவை." ஆமாண்ணா. டம்ளரை வெச்சுட்டுப் போயிடுவார். ஒரு வருஷமா. மழையானாலும். பெரிய பெரிய டாக்டர் கொடுக்காத மருந்தை நான் கொடுக்கறேன்னு நினைச்சுக்குவேன்.

அவர் சம்சாரம் பரிமளம்மா அப்படி நினைக்கலை. போன புதன்கிழமை வந்தாங்க, தனியா. நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அதே ஸ்டூல். சுவரோட சாய்ச்சுப் போட்டு உட்கார்ந்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "அவ காரணம் கேக்காம ஒரு காய்ச்சல் மாத்திரைகூட முழுங்க மாட்டா. உங்களைக் கேள்வியே கேக்கலையா?"

ஞாபகமில்லைங்கம்மா, ஒரு வருஷம் ஆச்சுன்னேன்.

"மூணு தடவை சொன்னது ஞாபகமிருக்கு. அவ கேட்டது ஞாபகமில்லையா?"

நான் ஸ்பேனரைத் தேடற மாதிரி திரும்பிக்கிட்டேன்.

நாளைக்கு வருஷம் திரும்புது. கல்யாணம் ஆகாம போன பொண்ணுக்கு அவங்க வழக்கம் ஒண்ணு உண்டு. வருஷம் திரும்பற அன்னிக்குப் புதுச்சேலை எடுத்து, படத்துக்கு முன்னாடி வெச்சு, விளக்கேத்திக் கும்பிடணும். அப்புறம் அந்தப் பொண்ணு வீட்டுச் சாமி. சேலையை அப்பன்தான் தன் கையால வெக்கணுமாம். அந்தம்மா சேலை எடுத்துட்டாங்க. இவர் வெக்க மாட்டேங்கறார். "பேச்சைக் கேக்காம போனவளுக்கு எதுக்குச் சேலை"ங்கறார். படத்தையே இன்னும் மாட்டலை. சுவரைப் பார்த்துத் திருப்பி வெச்சிருக்காராம்.

போகும்போது அந்தம்மா படியில நின்னு சொன்னாங்க, "நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லலை. எனக்குச் சொன்னீங்களே, ஞாபகமில்லைன்னு, அதையாவது அவர்கிட்டச் சொல்லுங்க. அது போதும். அவர் விளக்கேத்திடுவார்."

ஒரு வார்த்தைதான். ஞாபகமில்லைண்ணா. அவ்வளவுதான். வியாழன், வெள்ளி, சனி, தினம் வந்தார். தினம் வாயைத் திறந்தேன்.

உங்ககிட்டச் சொல்றதுல என்ன இருக்கு. நீங்க இன்னிக்குப் பார்த்தவர். அந்தம்மா கேட்டது சரிதான். டாக்டரம்மா கேட்டாங்க. நகத்தை எடுத்துட்டு நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து, "அண்ணா, இது குளிருக்கு ஆகுமா? ஆகாதுன்னா சொல்லுங்க, வேற வரவழைக்கலாம். அவசரமில்லை"ன்னாங்க. அவசரமில்லைன்னாங்க சார். இந்த வலது பக்கத்து டயர் பத்து நாள்ல வந்திருக்கும். ஃபிலிப் ஜாக்கியைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துட்டிருந்தான்.

நான் சொன்னேன், "டாக்டர், நீங்க ஓட்டற ஓட்டுக்கு எந்த டயரும் நிக்கும்."

சிரிச்சாங்க. பார்த்துக்கலாம் அண்ணான்னு சொன்னது அப்பதான்.

அதுவும் ஒரு விதத்துல எச்சரிக்கைதானே? யோசிச்சுப் பாருங்க. நல்லா ஓட்டணும்னுதானே அதுக்கு அர்த்தம். மெதுவா ஓட்டினாங்க. முப்பத்தஞ்சு. அதுக்கு மேல அவங்க என்ன பண்ணியிருக்க முடியும்.

ஈஸ்டருக்குச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். இதைச் சொல்லலை. எந்தத் தலைப்புல சொல்றதுன்னு தெரியலை.

மூணே முக்கால் ஆச்சா? பஸ் வந்திருக்கும். அதோ, கறுப்புக் குடை. அவர்தான். டிரைவர் நடை, பாருங்க, ரோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் நின்னு பார்ப்பார், வண்டியே இல்லைன்னாலும். கையில ஏதோ பை இருக்கு. துணிக்கடைப் பை.

நல்லவேளை சார், நீங்க இருக்கீங்க. மூணாவது மனுஷர் ஒருத்தர் இருந்தாச் சொல்லிடலாம். இன்னிக்குச் சொல்லிடறேன். ஞாபகமில்லைன்னு இல்லை, எல்லாத்தையும். நீங்க எழுந்து போயிடாதீங்க.

இருங்க, கம்ப்ரசரைப் போட்டுக்கறேன். உங்க டயருக்குக் காத்து வேணும்ல.

வாங்கண்ணா, வாங்க. நனைஞ்சுட்டீங்களே. குடையை இப்படிக் கொடுங்க. உட்காருங்க. சாரா? கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்கார். ஆமா, டயருக்குத்தான். என்னண்ணா? சத்தமாச் சொல்லுங்க, மோட்டார் ஓடுது. பையா? சேலையா? திருப்பிக் கொடுக்கவா? நாளைக்குக் கும்பிடறதை வெச்சுக்கிட்டு...

அண்ணா, ஒரு நிமிஷம். இந்தப் பக்கம் பாருங்க. அவங்க கேட்டாங்க அண்ணா. குளிருக்கு ஆகுமான்னு கேட்டாங்க. ஆகும்னேன். நான் ஆகாதுன்னு ஒரு தடவைகூடச் சொல்லலை. டயர் சூடா இருந்தது அண்ணா. நான்தான் அடுப்புப் பக்கத்துல வெச்சேன். உங்க பொண்ணு உங்களை மாதிரிதான் ஓட்டிச்சு. பிசகே இல்லை. அந்தச் சேலையைக் கொண்டு போகாதீங்க.

நின்னுடுச்சு. காத்து நிறைஞ்சா கம்ப்ரசர் தானா நின்னுடும்.

என்னண்ணா? நானா?

ஒண்ணுமில்லை. இன்னிக்கு மழை விடாது போலிருக்குன்னேன்.

டீ வேண்டாமா? ஆமா, துணிக்கடைக்காரன் மூடிட்டான்னா அப்புறம் நாளைக்குத் திருப்பி எடுத்துக்க மாட்டான். சரிண்ணா. சார்கிட்டயா? சொல்லுங்க, சொல்லுங்க.

அண்ணா சொல்றது கேட்டுச்சா சார்? ராயப்பன் சொன்னாக் கேட்டுக்கங்க தம்பி, எம்பொண்ணு கேக்கலைங்கறார். தலையாட்டிடுங்க. சும்மா ஆட்டுங்க, அவருக்கு அது போதும்.

சொன்னேண்ணா. ஆமா.

மூணு தடவை.

பார்த்துப் போங்க, படி வழுக்கும். குடை, குடையை விட்டுட்டீங்க. இந்தாங்க.

போறார். ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத் தாண்டறார். பையை நனையாம சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டுப் போறார் பாருங்க. திருப்பிக் கொடுக்கப்போற சேலையை.

நீங்க பார்த்தீங்கல்ல சார்? நான் சொன்னேன். முகத்துக்கு நேரா நின்னு, ஒண்ணு விடாம. கம்ப்ரசர் ஓடினதுக்கு நான் என்ன பண்றது. இந்தச் சத்தத்துல யாருக்குத்தான் என்ன கேக்கும்.

எழுந்திருங்க, பத்து நிமிஷம் எப்பவோ ஆயிடுச்சு. நல்லாக் குளிர்ந்திருக்கும். இடது பக்கத்தை முதல்ல பாருங்க. அது பக்கத்துல குந்தி உட்கார்ந்துக்கங்க. கட்டைவிரல். அப்படித்தான், நகத்தை வெச்சு அழுத்துங்க. இன்னும் கொஞ்சம்.

இறங்குதா?

சொல்லுங்க சார், இறங்குதா?

ஏன் என்னையே பார்க்கறீங்க? டயரைப் பாருங்க சார்.